வீட்டு சிஎன்சிக்கு எந்த ஸ்க்ரூ? கேள்வி பதில்

பகலில் அம்பத்தூரில் லேத் வேலை, ராத்திரி வீட்டு மாடியில் சொந்த சிஎன்சி ரூட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்படி மரம் வெட்டும் மெஷின். இதுவரை மூன்று மெஷின் கட்டியிருக்கிறேன். மோட்டார் சுற்றுவதை நேர் நகர்வாக மாற்றும் மரைக் கம்பியான லீட் ஸ்க்ரூ பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

பெரம்பூர்: அண்ணா, ஹார்டுவேர் கடை எம்8 த்ரெட் ராடு போதாதா?

ஓடும் தம்பி, என் முதல் மெஷினும் அதில்தான் ஓடியது. ஆனால் அது இறுக்கிப் பிடிப்பதற்காகப் போட்ட மரை. ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ.தான் நகரும், நட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். வாங்கும் முன் ராடைக் கண்ணாடி மேல் உருட்டிப் பார், அடியில் வெளிச்சம் வந்து வந்து மறைந்தால் வளைவு இருக்கிறது என்று அர்த்தம்.

வில்லிவாக்கம்: டி8-ல் 2 மி.மீ. லீடா, 8 மி.மீ. லீடா?

டி8 என்றால் 8 மி.மீ. தடிமன் உள்ள லீட் ஸ்க்ரூ, லீட் என்றால் ஒரு சுற்றுக்கு நகரும் தூரம். வெறுமனே டி8 என்று கேட்டால் பெரும்பாலும் 8 மி.மீ. லீட்தான் கையில் வரும், 3டி பிரிண்டரில் இருப்பது அதுதான். இரண்டிலும் மரைக்கு மரை இடைவெளி 2 மி.மீ.; 8 மி.மீ. லீடில் நாலு மரை சேர்ந்து ஓடுகிறது, கம்பியின் முனையைப் பார்த்தால் நாலு தொடக்கம் தெரியும், எண்ணிப் பார்த்து வாங்குங்கள். மரம் வெட்டும் சிறிய மெஷினுக்கு 2 மி.மீ. எடுங்கள். வேகம் குறையும், ஆனால் தள்ளும் பலம் கூடும், கரண்ட் போனாலும் மேலும் கீழும் நகரும் இசட் அச்சு, வெட்டும் மோட்டாரான ஸ்பிண்டிலின் எடையில் தானாக இறங்காது. சுற்றுக்கு 200 ஸ்டெப் உள்ள மோட்டாரை 8 மைக்ரோஸ்டெப்பில், அதாவது ஒவ்வொரு ஸ்டெப்பையும் எட்டாகப் பிரித்து ஓட்டினால் 2 மி.மீ. லீடில் மி.மீ.க்கு 800 ஸ்டெப், 8 மி.மீ. லீடில் 200.

தாம்பரம்: 4 அடி அச்சுக்கு டி8 போட்டேன், வேகம் கூட்டினால் கம்பி சாட்டை மாதிரி ஆடுகிறது சார்.

ஆடத்தான் செய்யும். நீளம் இரண்டு மடங்கானால் கம்பி ஆடாமல் சுற்றக்கூடிய வேகம் கால்வாசியாகிவிடும். அந்த நீளத்துக்கு 16 மி.மீ. தடிமன், 5 மி.மீ. லீட் உள்ள 1605 பால் ஸ்க்ரூ போடுங்கள், அதில் நட்டுக்குள் குண்டுகள் உருளும்.

கொளத்தூர்: பால் ஸ்க்ரூ போட்டால் பேக்லாஷ் போய்விடுமா?

பேக்லாஷ் என்றால் திசை மாறும்போது வரும் லூஸ் ஆட்டம். இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், எனக்கும் ஒரு மாசம் தூக்கம் போனது இதில்தான். 1605 போட்ட பிறகும் வட்டம் வெட்டினால் நாலு திசையிலும் சின்னதாகத் தட்டையாக வந்தது. நட்டைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் டயல் கேஜ் முனையை ஸ்க்ரூவின் நுனியிலேயே வைத்து மேசையைக் கையால் தள்ளினேன், முள் 0.15 மி.மீ. ஆடியது. அதாவது ஸ்க்ரூவே பேரிங்குக்குள் முன்னும் பின்னும் போகிறது! பிரித்துப் பார்த்தால், எனக்கு விற்றவர் தந்த, ஸ்க்ரூ முனையைப் பிடிக்கும் பிளாக்கில், நீளவாக்கு விசையைத் தாங்கும் ஆங்குலர் காண்டாக்ட் பேரிங்குக்குப் பதில் சாதா பேரிங். ஸ்க்ரூவுக்குச் செலவு செய்கிற அக்கறையை முனைக்கும் காட்டுங்கள். மோட்டார் பக்கம் பிகே12 பிளாக் போட்டு லாக் நட்டை இறுக்கிவிட்டு, மறுபக்கம் பிஎஃப்12 பிளாக் போட்டு நீள வாக்கில் நகர விடுங்கள். தள்ளும் விசை, மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளர் மேல் விழவே கூடாது, ஸ்பிரிங் மாதிரி வெட்டிய கப்ளர் இழுபடும்.

அப்புறம், பால் ஸ்க்ரூவில் உராய்வு மிகக் குறைவு என்பதால் கரண்ட் போனால் இசட் இறங்கிவிடும், பிரேக் உள்ள மோட்டார் நல்லது.

திருவொற்றியூர்: கடல் காற்றில் துரு பிடிக்கிறதே?

லித்தியம் கிரீஸ் மெல்லிசாகப் பூசி, தூசு படாமல் மூடி வையுங்கள். கிராஃபைட் கலந்த கிரீஸ் வேண்டாம். துடைக்கிறேன் என்று பால் ஸ்க்ரூ நட்டைக் கழற்றிவிடாதீர்கள், குண்டெல்லாம் கொட்டிவிடும்.

போரூர்: எங்கே வாங்குவது, முனை கடைய முடியுமா?

டி8, கப்ளர், ஸ்டெப்பருக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடுங்கள். பால் ஸ்க்ரூவை முனை கடைந்தே வாங்கிவிடுங்கள். மேல்தோல் கடினப்படுத்தியது என்பதால் கார்பைடு டூல் இல்லாத லேத்தில் கொடுக்காதீர்கள். பிகே12 பக்கம் பேரிங் உட்காரும் இடம் 12 மி.மீ., கப்ளர் பிடிக்கும் நுனி 10. பிஎஃப்12 பக்கமும் 10. இந்த அளவைப் பேப்பரில் வரைந்து கொடுங்கள்.