நியூயார்க் ஸ்டேக் ஹவுஸில் சாப்பிடப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

நியூயார்க் நகரத்து ஸ்டேக் (தீயில் வாட்டிய தடித்த மாட்டிறைச்சித் துண்டு) மற்றும் கடலுணவு கிரில் உணவகங்களைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டிருந்தவற்றை ஒன்றாகத் தொகுத்து விடையளித்திருக்கிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கேள்வியாகச் சுருக்கியுள்ளேன்.

கேள்வி: நாங்கள் இருவர் முதன்முறையாகப் போகிறோம். பட்டியலில் உள்ள பெயர்கள் எதுவும் விளங்கவில்லை. எதைக் கேட்பது?

இருவர் என்றால் போர்ட்டர்ஹவுஸ் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளுங்கள். 'T' வடிவ எலும்பின் ஒரு பக்கம் ஸ்ட்ரிப் என்னும் சற்று அழுத்தமான சதையும், மறுபக்கம் டெண்டர்லாயின் என்னும் மிக மென்மையான சதையும் இருப்பதால், இரண்டின் வேறுபாட்டையும் ஒரே தட்டில் அறிந்துகொள்ளலாம். மாடு அதிகம் வேலை வாங்காத தசை என்பதால் டெண்டர்லாயின் மென்மையாக இருக்கிறது. கொழுப்பு குறைவு என்பதால் அதன் சுவையும் சற்று அடங்கியே இருக்கும். அதைத் தனியாக வெட்டித் தருவதே ஃபில்லே மின்யோன். பட்டியலில் பெரும்பாலும் அதன் விலைதான் கண்ணை உறுத்தும். என் கணக்கில் அந்தப் பணத்துக்கு விலாப்பகுதித் துண்டான ரிப் ஐ மேலானது, ஏனெனில் சதைக்குள் நரம்புபோல ஓடும் கொழுப்பு தீயில் உருகிச் சுவையைத் தருகிறது. புரூக்ளினில் 1887 முதல் நடந்துவரும் பீட்டர் லூகர் உணவகத்தில் போர்ட்டர்ஹவுஸைத்தான் முதன்மையாகக் கேட்பார்கள். கடன் அட்டையை ஏற்காத வழக்கம் அங்கு நெடுநாளாக இருந்து வருகிறது. எனவே எப்படிப் பணம் செலுத்துவது என்பதை முன்பதிவின்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: 'மீடியம் ரேர்' (உள்ளே சிவப்பாக விடும் அரைவேக்காடு) கேட்டால் இரத்தத்தோடு வருகிறதே, அது பாதுகாப்பானதா? நன்றாக வேகவைக்கச் சொன்னால் இளக்காரமாகப் பார்ப்பார்களா?

தட்டில் வடியும் சிவப்பு நீர் இரத்தமன்று. இரத்தம் வெட்டும்போதே வடிக்கப்பட்டுவிடுகிறது. எஞ்சியிருப்பது தசையிலுள்ள மையோகுளோபின் என்னும் புரதம் கலந்த நீர். முழுத் துண்டாக இருக்கும் இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்குகின்றன. கடுந்தீயில் மேற்பரப்பு கருகும்போது அவை அழிந்துவிடுகின்றன. ஆனால் கொத்திய இறைச்சியில் மேற்பரப்பு முழுவதும் உள்ளே கலந்துவிடுவதால், பர்கருக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. அதன் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸை எட்டியாக வேண்டும்.

மீடியம் ரேர் என்பது ஏறத்தாழ 54 முதல் 57 டிகிரி வரை. அமெரிக்க வேளாண்துறை முழுத் துண்டுகளுக்குப் பரிந்துரைப்பது 63 டிகிரியும் அதன்பின் மூன்று நிமிட ஓய்வும். கருவுற்றிருப்பவர்களும் முதியவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் இந்த அளவுக்குக் கீழே போக வேண்டாம். இளக்காரம் பற்றிக் கவலைப்படாதீர்கள்: சாப்பிடப்போவது நீங்கள், பணம் தரப்போவதும் நீங்கள். நன்கு வேகவேண்டும் என்று விரும்புகிறவர்கள் ரிப் ஐ கேட்டால் கொழுப்பின் தயவால் வறண்டுபோகாமல் தப்பும்; ஃபில்லே அவ்வாறு தப்பாது.

கேள்வி: 'டிரை ஏஜ்டு' என்று போட்டு விலையை ஏற்றிவிடுகிறார்களே, காரணம் உண்டா?

உண்டு. உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில், காற்றோட்டமுள்ள அறையில், இறைச்சியை மூன்று, நான்கு வாரம் மூடாமல் வைத்திருப்பார்கள். அதிலுள்ள நொதிகள் தசைநாரைத் தளர்த்துகின்றன. நீர் ஆவியாகிச் சுவை செறிகிறது. எடையும் குறைகிறது, காய்ந்து கறுத்த மேற்பகுதியையும் சீவி எறிய வேண்டியிருக்கிறது. அந்த இழப்பெல்லாம் உங்கள் பில்லில் ஏறும். 1927இல் தொடங்கப்பட்ட கல்லாகர்ஸ் உணவகம், 52ஆம் தெருவிலிருந்து பார்த்தாலே தெரியும்படி இந்த அறையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. சாப்பிடாவிட்டாலும் நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.

கேள்வி: ஐயா, நான் மாட்டிறைச்சி உண்பதில்லை, என் மனைவி முழுச் சைவம். அலுவலக விருந்து என்பதால் தவிர்க்க முடியவில்லை. என்ன செய்வது?

உங்களுக்கு வழி எளிது. 36ஆம் தெருவில் 1885 முதல் இருக்கும் கீன்ஸ் உணவகம் புகழ்பெற்றதே 'மட்டன் சாப்' என்னும் செம்மறி இறைச்சிக்காகத்தான். மற்ற இடங்களிலும் சால்மன், இறால், கோழி ஆகியவை கிடைக்கும். சூரை மீனை மேலே மட்டும் வாட்டி உள்ளே பச்சையாக விடுவது வழக்கம். வேண்டாமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

உங்கள் மனைவியார்தான் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் காய்கறி போலத் தோன்றுபவற்றிலேயே இறைச்சி ஒளிந்திருக்கிறது. பிரெஞ்சு வெங்காய சூப்பின் அடிப்படை பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறு. சில சமையலறைகளில் உருளைக்கிழங்கு வறுவல் மாட்டுக்கொழுப்பில் பொரிகிறது. லெட்டூஸ் கீரையைப் பெருந்துண்டாக வெட்டித் தரும் வெட்ஜ் சாலட்டின் மேல் பன்றி இறைச்சித் துணுக்குகள் தூவப்படும். சீசர் சாலட்டின் கலவையில் நெத்திலி வகை மீன் இருக்கும். "இறைச்சி இல்லாதது எது?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான விடைதான் வரும். "இது எந்த எண்ணெயில் பொரிக்கப்படுகிறது, இந்தச் சாறு எதிலிருந்து எடுக்கப்பட்டது" என்று கேளுங்கள். ஒரே கிரில்லில் எல்லாம் வாட்டப்படுவது மனத்துக்கு ஒவ்வாது என்றால், வாணலியில் தனியே செய்து தர முடியுமா என்று முன்பதிவின்போதே பேசிவிடுங்கள். அடுப்பில் சுட்ட முழு உருளைக்கிழங்கும், பாலேட்டில் வெந்த கீரையும் பெரும்பாலும் கைகொடுக்கும்.

கேள்வி: சிங்கி இறாலுக்கு விலை போடாமல் 'மார்க்கெட் பிரைஸ்' என்று எழுதியிருக்கிறார்கள். விலை கேட்பது நாகரிகமா?

கேட்காமலிருப்பதுதான் அபாயம். வரத்தைப் பொறுத்து விலை மாறுவதால் அவ்வாறு எழுதுகிறார்கள். எடையையும் விலையையும் சேர்த்தே கேளுங்கள். ஓட்டின் எடையும் அதில் அடக்கம் என்பதை மறக்க வேண்டாம். பச்சைச் சிப்பி உண்ண ஆசைப்படுகிறவர்கள் கிராண்ட் சென்ட்ரல் இரயில் நிலையத்தின் கீழ்த்தளத்தில் 1913 முதல் இயங்கும் ஆய்ஸ்டர் பாருக்குப் போகலாம். ஆனால் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்குப் பச்சைச் சிப்பியிலுள்ள விப்ரியோ கிருமி உயிராபத்தாகலாம். அவர்கள் வேகவைத்ததையே உண்ண வேண்டும்.

கேள்வி: டிப்ஸ் எவ்வளவு?

இருபது விழுக்காடு இப்போது வழக்கம். நகரத்தில் உணவக விற்பனை வரி 8.875 விழுக்காடு என்பதால், பில்லிலுள்ள வரியை இரட்டித்து அதற்குமேல் சிறிது சேர்த்தால் கணக்கு சரியாகிவிடும். பெருங்குழுவாகப் போனால் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இருமுறை தருவீர்கள்.

கேள்வி: மிச்சத்தைக் கட்டித் தரச் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம், எலும்பையும் சேர்த்து. இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் மைக்ரோவேவில் சூடாக்கினால் தோல்போலாகிவிடும். மெல்லியதாக அரிந்து, காய்ந்த தோசைக்கல்லில் ஒரு நிமிடம் புரட்டினால் போதும்.