சிறையிலிருந்து வரும் கொழுந்தனாரை வீட்டில் சேர்க்கலாமா?

கேள்வி: பக்கத்து வீட்டுச் சிறுமியிடம் தவறாக நடந்ததற்காகப் போக்சோ வழக்கில் தண்டனை பெற்ற என் கொழுந்தனார், அடுத்த மாதம் மதுரை மத்திய சிறையிலிருந்து விடுதலையாகிறார். எங்களுடன்தான் தங்குவாராம். பாண்டி முனி கோயிலில் சத்தியம் செய்யத் தயாராக இருக்கிறார், திருந்திவிட்டார் என்கிறார் மாமியார். என் மகளுக்கு எட்டு வயது. இப்படிப்பட்டவர் மீண்டும் அதைச் செய்வாரா என்று கண்டறிய முடியுமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: அன்புள்ள சகோதரி, ஓரளவு முடியும். உளவியலாளர்கள் கார்ல் ஹான்சனும் டேவிட் தார்ன்டனும் 1999-இல் உருவாக்கிய ‘ஸ்டாட்டிக்-99’ என்னும் அளவீடு பல நாடுகளில் பயன்பாட்டில் இருக்கிறது. விடுதலையாகும்போது என்ன வயது, முன்பும் இத்தகைய வழக்கு உண்டா, பாதிக்கப்பட்டவர் உறவா, வெளியாளா என்பன போன்ற பத்து விவரங்களுக்கு வழக்கு ஆவணங்களைக் கொண்டே மதிப்பெண் இடுகிறார்கள். ஒத்த மதிப்பெண் பெற்ற நூறு பேரில் ஏறத்தாழ எத்தனை பேர் மீண்டும் பிடிபடுவார்கள் என்று அது சொல்லும். உங்கள் கொழுந்தனார் அவர்களில் ஒருவரா என்று சொல்லாது.

அந்தப் பத்தில் ‘வருந்துகிறாரா’ என்ற கேள்வியே கிடையாது. ஹான்சனும் புசியேரும் 61 ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் வெளியிட்ட கட்டுரையில், குற்றத்தை மறுப்பதும் பாதிக்கப்பட்டவரிடம் இரக்கமின்மையும் மறுகுற்றத்தை முன்னறிவிக்கவில்லை. குழந்தைகள் மீதான பாலியல் நாட்டமும் முந்தைய பாலியல் குற்றங்களுமே வலுவான அறிகுறிகளாக இருந்தன. ஆகவே பாண்டி முனி முன்னிலையில் செய்யும் சத்தியம் அவர் மனத்துக்கு நிம்மதி தரலாம்; உங்கள் முடிவுக்கு ஆதாரமாகாது.

அதே தொகுப்பில், நான்கைந்து ஆண்டுகளில் மீண்டும் பாலியல் குற்றத்தில் சிக்கியவர்கள் சராசரியாக 13.4 சதவீதம்தான். உங்கள் மாமியாருக்கு இந்த எண் பிடித்துப்போகும். ஆனால் இது வெளியே தெரியவந்த குற்றங்களின் கணக்கு. வீட்டுக்குள் நடப்பவற்றில் பல காவல் நிலையம் வரை வருவதே இல்லை. தவிர, அது மேலை நாடுகளில் பெரும்பாலும் திரட்டிய சராசரி. முன்பு பாதிக்கப்பட்டது ஒரு சிறுமி, இப்போது அதே கூரையின் கீழ் இன்னொரு சிறுமி என்னும் உங்கள் நிலைமை அதற்குள் அடங்காது.

விடுதலைக்குப் பின் நிபுணர்கள் கவனிப்பவை வேறு: குழந்தைகளை நெருங்கும் வாய்ப்பு, குடி, கோபம், கண்காணிப்பை மதிக்காமை, ஆதரவாக இருந்தவர்கள் கைவிடுவது. இவற்றில் முதலாவது உங்கள் கையில் இருக்கிறது. அவர் உங்கள் வீட்டில் தங்கக் கூடாது என்பதே என் கருத்து. அதை மாமியாரிடம் நீங்கள் அல்ல, உங்கள் கணவர் சொல்ல வேண்டும். அதற்காக அவரை அடியோடு ஒதுக்கிவிடவும் வேண்டாம், வேலையும் துணையும் இல்லாமல் அலைய விடுவது ஆபத்தைக் கூட்டும். தனி அறை பார்த்துக் கொடுங்கள், குழந்தைகள் இல்லாத இடத்தில் வேலை தேட உதவுங்கள், கணவர் அடிக்கடி போய்ப் பார்த்து வரட்டும். பண்டிகை, காதுகுத்து என்று எல்லோரும் கூடும் நாளிலும் மகளை அவருடன் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள்.

மகளிடம், யார் தொட்டது பிடிக்காவிட்டாலும், யார் ‘ரகசியம்’ என்று சொன்னாலும் உடனே உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். சந்தேகம் எழுந்தால் குடும்பப் பஞ்சாயத்துக்குக் காத்திராமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி கட்டாயம், உங்கள் மாமியாருக்கும் சேர்த்து.