புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் குடம் தூக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 54. வலது மார்பில் புற்றுநோய்க் கட்டி இருந்ததால் அறுவை சிகிச்சை செய்து, அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) எடுத்தார்கள். கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. நோய் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டாலும் அம்மா பாதி நாள் படுத்தே இருக்கிறார். வலது கை லேசாக வீங்கியிருப்பதால், அந்தக் கையால் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொடக் கூடாது என்கிறார்கள் உறவினர்கள். அவரை உடற்பயிற்சி செய்யச் சொல்லலாமா?
வாசகி, கும்பகோணம்

பதில்: உறவினர்களைக் குறை சொல்ல வேண்டாம், நெடுங்காலம் மருத்துவர்களும் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்துவிட்டால் கையிலிருந்து நிணநீர் வடியும் வழி குறுகிவிடுகிறது, அதன்மேல் பாரமும் தூக்கினால் நீர் தேங்கிக் கை வீங்கிவிடும் என்பதே அவர்களின் அச்சம். அந்த அச்சம் சரிதானா என்று சோதித்துப் பார்த்தவர்கள் குறைவு. 1996-ல் கனடாவின் வான்கூவர் நகரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர், மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 24 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பலர் வரிசையாக அமர்ந்து ஓட்டும் நீளமான டிராகன் படகில் துடுப்புப் போட வைத்தார். தோளும் கையும் ஓயாமல் உழைக்க வேண்டிய விளையாட்டு அது; ஆனாலும் அவர்களில் ஒருவருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை.

உங்கள் தாயாரின் நிலைக்கு இன்னும் நெருக்கமானது, அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் நடத்தி 2009-ல் வெளியிட்ட ஆய்வு. ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களில் ஒரு பாதியினர், வீங்கிய கைக்கு அழுத்த உறை அணிந்துகொண்டு வாரம் இருமுறை எடை தூக்கினார்கள். முதல் 13 வாரங்கள் பயிற்சியாளரின் கண்காணிப்பு இருந்தது. ஓராண்டு முடிவில், வீக்கம் கிளர்ந்து மோசமானது எடை தூக்காதவர்களில் 29 சதவீதத்தினருக்கு. தூக்கியவர்களில் 14 சதவீதத்தினருக்கு மட்டுமே. பயன்படுத்தாத கை நாளுக்கு நாள் வலுவிழக்கிறது, அப்படி வலுவிழந்த கையில் ஒருநாள் திடீரென்று பாரம் விழும்போதுதான் அது தாங்காமல் போகிறது. ஆகவே குடத்தை இன்றே தூக்கச் சொல்லாதீர்கள்; தூக்கும் அளவுக்குக் கையைப் பழக்குங்கள்.

பாதி நாள் படுத்திருப்பதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. புற்றுநோய்க்குப் பின் வரும் அசதி தூங்கி எழுந்தால் போவதில்லை. முதலில் இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, தூக்கமின்மை ஆகியவை இருக்கின்றனவா என்று மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். அவை இல்லையென்றால், படுக்க வைப்பது அசதியை வளர்க்கவே செய்யும். தசை கரைகிறது, இதயத்தின் தாங்குதிறன் குறைகிறது, அடுத்த நாள் பத்தடி நடப்பதும் மலையேற்றமாகத் தெரிகிறது. நோயாளிகளின் வாழ்க்கைத்தரத்தை அளக்க ஐரோப்பிய ஆய்வாளர்கள் உருவாக்கிய 30 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது. கனமான பையைத் தூக்கச் சிரமமா, நெடுந்தூரம் நடக்கச் சிரமமா, பகலில் படுக்கையிலோ நாற்காலியிலோ இருக்க வேண்டியிருக்கிறதா என்பவை அதன் தொடக்கக் கேள்விகள். உங்கள் கடிதமும் இவற்றைத்தான் கேட்கிறது.

2019-ல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரையின்படி, வாரம் மூன்று நாள் அரைமணி நேரம் மிதமான வேகத்தில் நடப்பதும், வாரம் இருமுறை தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்வதும் அசதியையும் மனக்கலக்கத்தையும் குறைக்கப் போதும். தொடக்கத்தில் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் நடக்கட்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுவே சரியான வேகம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கி இறக்குவது ஆகியவற்றை இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் கற்றுக்கொண்டு தொடங்கலாம். வாரம் ஒருமுறை கையின் அதே இடத்தில் அளவுநாடாவால் சுற்றளவு பாருங்கள். கூடவில்லையென்றால் மட்டும் எடையைச் சிறிது கூட்டுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது கிருமித்தொற்று. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

“வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே” என்று அம்மா சொல்லக்கூடும். நம் வீடுகளில் எல்லாப் பெண்களும் சொல்வதுதான். வேலை உடம்பைக் களைப்பாக்கும். ஆனால் அளவறிந்து படிப்படியாக ஏறாது.

கீமோவால் பாதம் மரத்துப்போனவர்களும், இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து பெற்றவர்களும், எலும்புக்கு நோய் பரவியவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

கேள்வி: எனக்கு வயது 61. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்தன. நடந்தால் நோய் திரும்ப வராது என்கிறார்களே, உண்மையா?
வாசகர், மதுரை

பதில்: வராது என்று எவரும் உறுதி தர முடியாது, வாய்ப்பு குறைகிறது என்பதற்கு இப்போது வலுவான சான்று உண்டு. உங்களைப் போல் கீமோ முடித்த 889 பேரிடம், பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த ஆய்வின் முடிவு 2025-ல் வெளிவந்தது. பயிற்றுநரின் துணையோடு மூன்றாண்டுகள் உடற்பயிற்சி செய்தவர்களில் எட்டாண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 90.3 சதவீதம், உடல்நலக் கையேடுகள் மட்டும் பெற்றவர்களில் 83.2 சதவீதம். அவர்கள் கூட்டிக்கொண்ட உழைப்பு, வாரம் மூன்று நான்கு முறை முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகமாக நடப்பதற்குச் சமம். தசைவலியும் மூட்டுவலியும் அவர்களுக்குச் சற்று அதிகம் வந்தன என்பதால், நல்ல காலணி வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். வயிற்றில் மலப்பை பொருத்தியிருந்தால், குடலிறக்கம் வராமலிருக்க, வயிற்றுத் தசையை இறுக்கும் பயிற்சிகளை அறுவை மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். நடப்பதற்கு அந்தப் பை தடையில்லை.