இலண்டனிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்தால் பிரித்தானிய அரச ஓய்வூதியம் உயராமல் நின்றுவிடுமா? ஏன்?

கேள்வி: என் அம்மா இலண்டனில் இருக்கிறார்; பிரித்தானிய அரச ஓய்வூதியம் பெறுகிறார். ரொறன்ரோவில் எங்களோடு நிரந்தரமாக வந்து இருக்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறோம். வந்தால் அதன் பிறகு ஓய்வூதியம் உயரவே உயராது என்று ஒருவர் சொன்னார். உண்மையா? உண்மையென்றால் ஏன் இப்படி?

பதில்:

உண்மைதான். உங்கள் அம்மாவின் ஓய்வூதியத்தை யாரும் நிறுத்தமாட்டார்கள். கனடாவிலுள்ள வங்கிக் கணக்குக்கே அது வந்து சேரும். ஆனால் அவர் குடிபெயரும் வேளையில் வாரத்துக்கு எத்தனை பவுண் பெறுகிறாரோ, கனடாவில் வாழும் காலம் முழுவதும் அத்தனை பவுண்தான் வரும். ஒவ்வோர் ஏப்ரலிலும் பிரித்தானியாவில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் உயர்வு அவருக்குக் கிடைக்காது. சில வாரங்களுக்குப் பிள்ளைகளைப் பார்க்க வந்து போவதால் இது நேராது. வீட்டை விட்டு நிரந்தரமாக வந்தால்தான் நேரும்.

உலகெங்கும் ஏறத்தாழ நான்கரை இலட்சம் பேர் இந்த நிலையில் இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அவுஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகளில் வாழ்கிறார்கள்; கனடாவில் மட்டும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர். இந்தியாவுக்கோ இலங்கைக்கோ திரும்பிச் செல்பவர்களுக்கும் இதே விதிதான். இதை நான் சட்டம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஸ்காபரோவில் முதியவர்களுக்கு வரிப் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கும்போது அவர்கள் கொண்டுவரும் காகிதங்களிலிருந்துதான் முதலில் அறிந்தேன். அறிந்த பிறகு விடாமல் வாசித்து வருகிறேன்.

எங்கள் வீதியிலேயே ஓர் ஆங்கிலேய மூதாட்டி இருக்கிறார். பிரித்தானியாவில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த பின், 2002ஆம் ஆண்டில், மகளோடு இருப்பதற்காக இங்கு வந்தவர். அப்போது முழு அடிப்படை ஓய்வூதியம் வாரத்துக்கு 75.50 பவுண். நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 302 பவுண், கனேடிய டொலராக மாற்றப்பட்டு அவருடைய கணக்கில் விழுகிறது. நாணய மாற்று விகிதத்துக்கு ஏற்ப டொலர்த் தொகை மட்டும் சற்று ஏறி இறங்கும். பவுண் தொகையில் அன்று முதல் இன்று வரை ஒரு பென்சும் கூடவில்லை. அவரைப் போலவே பங்களிப்புச் செலுத்தி, இங்கிலாந்திலேயே தங்கிவிட்ட அவருடைய சக தாதி ஒருவருக்கு 2025-26ஆம் நிதியாண்டில் அதே நான்கு வாரங்களுக்கு 705.80 பவுண் கிடைத்திருக்கும். உயர்வு கொடுக்காதவர்கள், அவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டு இடைக்கிடை ஒரு படிவம் மட்டும் தவறாமல் அனுப்புகிறார்கள். வேறொருவர் சாட்சியாகக் கையெழுத்திட்டு அதைக் குறித்த காலத்துக்குள் திருப்பி அனுப்பாவிட்டால் அந்த 302 பவுணும் நின்றுவிடும் என்பதால், கடிதம் வந்த அன்றே என்னைக் கூப்பிட்டுவிடுவார்.

விதி இப்படி வேலை செய்கிறது. பிரித்தானியாவுக்குள்ளும், ஐரோப்பிய பொருளாதார வலய நாடுகளிலும், சுவிட்சர்லாந்திலும், ஓய்வூதிய உயர்வையும் சேர்த்துச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்ட சில நாடுகளிலும் வாழ்பவர்களுக்கு மட்டுமே ஆண்டு உயர்வு உண்டு. அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், இஸ்ரேல், துருக்கி, ஜமேக்கா, பார்படோஸ், மொரீசியஸ் ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கனடாவோடும் நியூசிலாந்தோடும் பிரித்தானியாவுக்கு ஒப்பந்தங்கள் உண்டு. ஆனால் அவற்றில் உயர்வு பற்றிய ஏற்பாடு இல்லை. ஆகவே நயாகராவின் அமெரிக்கக் கரையில் குடியிருக்கும் பிரித்தானிய முதியவருக்கு ஏப்ரல் தோறும் ஓய்வூதியம் கூடுகிறது. பாலத்தைக் கடந்து ஒன்ராறியோக் கரையில் குடியிருப்பவருக்குக் கூடுவதில்லை. பிரித்தானியக் கொடி பறக்கும் ஃபோக்லாந்துத் தீவுகளில் இருப்பவருக்கும் கூடுவதில்லை; ஜிப்ரால்டரில் இருப்பவருக்குக் கூடுகிறது. வாழ்க்கைச் செலவையோ உறவின் நெருக்கத்தையோ வைத்து இந்தப் பட்டியலுக்கு நியாயம் கற்பிக்க முடியாது. வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு தேவைகளுக்காகச் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் எந்த நாடுகளோடு அமைந்தனவோ, அந்த நாடுகளே பட்டியலில் இருக்கின்றன.

இது யாரோ கவனிக்க மறந்துவிட்ட பழைய சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஒவ்வோர் ஆண்டும் ஓய்வூதியத்தை உயர்த்தும் ஆணை வரும்போது, வெளிநாட்டில் வாழும் இன்னாருக்கு அந்த உயர்வு செல்லாது என்று சொல்லும் ஒழுங்குவிதியும் கூடவே கொண்டுவரப்படுகிறது. கட்சி மாறி ஆட்சி மாறினாலும் இது ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட்டே வந்திருக்கிறது. எனவே இதை ஒரு தவறு என்பதைவிடத் தெரிந்தே எடுக்கப்படும் முடிவு என்பதுதான் சரி.

அரசு சொல்லும் காரணங்கள் மூன்று. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அடுத்தடுத்த அரசுகள் கடைப்பிடித்து வரும் கொள்கை இது என்பது ஒன்று. ஆண்டு உயர்வு பிரித்தானியாவின் விலைவாசியையும் ஊதியத்தையும் வைத்துக் கணக்கிடப்படுவதால், வேறு நாட்டில் வாழ்பவருக்கு அது பொருந்தாது என்பது இன்னொன்று. செலவு என்பது மூன்றாவது. முதலாவதைக் காரணமாக நான் எடுத்துக்கொள்வதில்லை. நெடுங்காலம் நடந்தது என்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடாது. இரண்டாவதில் பொருள் இருக்குமானால், அமெரிக்காவிலும் பிலிப்பைன்சிலும் வாழ்பவர்களுக்கும் உயர்வு கொடுக்காமல் இருந்திருக்க வேண்டும். பிரெக்சிற்றுக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தோடு புதிய உடன்பாடு எழுதியபோது, ஸ்பெயினிலும் பிரான்சிலும் வாழும் தன் ஓய்வூதியர்களுக்கு உயர்வு தொடர வேண்டும் என்று பிரித்தானியா அதில் சேர்த்துக்கொண்டது. விரும்பினால் செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. செலவு என்பது மெய்யான காரணம்தான். அதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் வெளிநாடு சென்ற முதியவர் பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையையோ முதியோர் பராமரிப்பையோ பயன்படுத்துவதில்லை என்பதால் மிச்சமாகும் பணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் அல்லவா? பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பழைய நிலுவையைக்கூடக் கேட்கவில்லை; இப்போது பெறும் தொகைக்கு இனிமேலாவது உயர்வு தாருங்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. இந்த ஓய்வூதியத்துக்கு உரிமை தரும் தேசியக் காப்புறுதிப் பங்களிப்பைச் சம்பளத்திலிருந்து கழிக்கும்போது, ஓய்வு பெற்ற பின் எங்கே வாழப் போகிறீர்கள் என்று எவரிடமும் கேட்பதில்லை. 2016 ஏப்ரல் முதல் ஓய்வூதிய வயதை எட்டியவர்களுக்குப் பழைய அடிப்படை ஓய்வூதியத்துக்குப் பதிலாக வந்த புதிய ஓய்வூதியத்தை முழுமையாகப் பெற 35 ஆண்டுப் பங்களிப்பு வேண்டும். பத்து ஆண்டாவது இல்லாவிட்டால் பொதுவாக ஒன்றும் கிடையாது. இந்தக் கணக்கு பிரித்தானியாவில் தங்கியவருக்கும் வெளியேறியவருக்கும் ஒன்றே. வாங்கும்போது ஒரே அளவுகோல், கொடுக்கும்போது முகவரியைப் பார்த்து வேறு அளவுகோல் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதிலும், இந்த உறைநிலை முதல் ஆண்டில் கையைக் கடிக்காது. பத்தாம் ஆண்டில் தெரியும், இருபதாம் ஆண்டில் வாட்டும். எண்பது, தொண்ணூறு வயதாகி, கையிருப்புக் கரைந்து, மருந்துக்கும் பராமரிப்புக்கும் பணம் அதிகம் தேவைப்படும் காலத்தில்தான் அதன் முழுப் பாரமும் வந்து இறங்குகிறது.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைகளில் பணியாற்றிய ஆன் பக்ரிட்ஜ் என்ற பெண்மணி 2001இல் கனடாவின் கல்கரி நகருக்குப் பிள்ளைகளோடு இருக்க வந்தார். அவருடைய ஓய்வூதியம் வாரத்துக்கு 72.50 பவுணிலேயே நின்றது. நூறு வயதை நெருங்கிய நிலையில், 2024 டிசம்பரில் இலண்டனுக்குப் பறந்து சென்று பிரதமரைச் சந்திக்கக் கேட்டார். பிரதமரைச் சந்திக்க இயலவில்லை. 2025-26இல் முழு அடிப்படை ஓய்வூதியம் 176.45 பவுண் என்பதை வைத்துப் பார்த்தால், 2001இல் உறைந்துபோன ஒருவர் ஆண்டுக்கு 5,400 பவுணுக்கு மேல் இழக்கிறார்.

நீதிமன்றத்துக்கும் இது போயிருக்கிறது. தென்னாபிரிக்காவில் குடியேறிய ஆனெட் கார்சன் என்பவர் தொடுத்த வழக்கு, இது பாகுபாடு என்ற வாதத்தோடு, அப்போது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை சென்று 2005இல் தோற்றது. பின்னர் அவரும் வேறு பன்னிருவரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2010 மார்ச்சில் அதன் நீதிபதிகளின் பேரமர்வு 11க்கு 6 என்ற வாக்குக் கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பங்களிப்பு என்பது தனியார் ஓய்வூதியத்துக்குக் கட்டும் சந்தா போன்றதல்ல, அது நாட்டின் பொதுச் செலவோடு கலந்தது. வெளிநாட்டில் வாழ்பவரின் நிலை உள்நாட்டில் வாழ்பவரின் நிலையோடு ஒப்பிடத்தக்கதல்ல என்பது அந்தத் தீர்ப்புகளின் சாரம். சட்டமாக அது நிற்கலாம். ஆனால் சட்டத்துக்கு முரணில்லை என்பது நியாயமானது என்பதாகாது. கொள்கையை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்திடமே இருக்கிறது என்பதைத்தான் அந்தத் தீர்ப்புகளிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

மற்ற நாடுகள் சும்மா இருக்கவில்லை. அவுஸ்திரேலியா பேசிப் பார்த்துப் பயனில்லாமல், பிரித்தானியாவோடு இருந்த சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை 2001இல் முறித்துக்கொண்டது. பிரித்தானியா உயர்த்தாத பணத்தின் குறையை, வருமானம் பார்த்துக் கொடுக்கும் தன் முதியோர் ஓய்வூதியத்தால் அவுஸ்திரேலிய வரிதாரர்கள் நிரப்ப வேண்டியிருந்தது. கனடா அரசும் பலமுறை கேட்டுவிட்டது. கனடா தன் ஓய்வூதியத் திட்டப் பணத்தை இங்கிலாந்தில் வாழும் கனேடியருக்கு விலைவாசி உயர்வோடு சேர்த்தே அனுப்புகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இனி உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். 2025-26இல் முழுப் புதிய ஓய்வூதியம் 230.25 பவுண். அதை அவர் பெறுகிறார் என்றும், அந்தத் தொகையில் குடிபெயர்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். பிரித்தானியாவில் ‘ட்ரிப்பிள் லொக்’ என்று சொல்லப்படும் உறுதிமொழிப்படி, ஊதிய உயர்வு, விலைவாசி உயர்வு, 2.5 வீதம் ஆகிய மூன்றில் எது கூடியதோ அதன்படி ஓய்வூதியம் உயரும். அந்த உறுதிமொழி நீடித்து, ஆகக் குறைந்த 2.5 வீதமே ஒவ்வோர் ஆண்டும் கிடைத்தாலும், இலண்டனில் தங்கியிருந்தால் பத்து ஆண்டில் ஏறத்தாழ 295 பவுணும் இருபது ஆண்டில் ஏறத்தாழ 377 பவுணும் ஆகும். கனடாவில் அது 230.25ஆகவே இருக்கும். உயர்வு 2023இல் 10.1 வீதம், 2024இல் 8.5 வீதம் என்று வந்திருப்பதால், உண்மையான இடைவெளி இதைவிட விரைவாக விரியக்கூடும்.

வருமானம் குறைந்த ஓய்வூதியர்களுக்குப் பிரித்தானிய அரசு கொடுக்கும் பென்ஷன் கிரடிட் என்ற கூடுதல் உதவியை அவர் பெறுபவராக இருந்தால் அதையும் முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். வெளிநாட்டில் குடியேறியவருக்கு அது கிடையாது. மாறாக, அவர் வேலை செய்த இடத்திலிருந்து தனியாக ஓய்வூதியம் வருமானால், உதாரணமாகத் தேசிய சுகாதார சேவையில் பணியாற்றியிருந்தால், அதற்கு இந்த உறைநிலை பொருந்தாது. அது கனடாவிலும் உயரும். இரண்டையும் குழப்பிக்கொண்டு வீணாகப் பயந்தவர்களையும், வீணாக நம்பியிருந்தவர்களையும் கண்டிருக்கிறேன். இன்னும் ஓய்வூதியத்தைத் தொடங்காதவர்கள், கனடாவுக்கு வந்த பின் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டு எடுத்தால் உயர்ந்த தொகை கிடைக்கும் என்று எண்ணுவதுண்டு. தள்ளிப்போட்டதற்கான கூடுதல் தொகை உண்டு. ஆனால் அதுவும் ஓய்வூதிய வயதை எட்டிய நாளில், அல்லது அதற்குப் பிறகு நாட்டை விட்டிருந்தால் நாட்டை விட்ட நாளில், இருந்த தொகையை வைத்தே கணக்கிடப்படும்.

நிரந்தரமாகப் பிரித்தானியாவுக்குத் திரும்பினால் அன்று முதல் நடைமுறைத் தொகை முழுவதும் கிடைக்கும். இடையில் இழந்தது கிடைக்காது. தற்காலிகமாகப் போயிருக்கும் நாட்களுக்கும் கேட்டால் உயர்ந்த தொகையைத் தருவார்கள். மீண்டும் கனடாவுக்கு வந்ததும் பழைய தொகைக்கே இறங்கிவிடும். எண்பத்தைந்து வயதில் பணத்துக்காக மட்டும் பிள்ளைகளை விட்டுத் திரும்பிப் போவது ஒரு வழியென்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆகவே இலண்டன் வீட்டை விற்பதற்கு அல்லது வாடகை வீட்டைக் கைவிடுவதற்கு முன்பே, அம்மாவும் நீங்களும் உங்கள் சகோதரர்களும் ஒன்றாக இருந்து, மாதம் எவ்வளவு குறையும், அதை யார் எப்படி ஈடுசெய்வது என்று வெளிப்படையாகப் பேசி முடிவெடுங்கள். அம்மா உங்களோடு இருப்பது அந்தத் தொகையைவிடப் பெரிது என்று நீங்கள் முடிவு செய்தால் அதில் தவறே இல்லை. தெரிந்து செய்யும் முடிவாக அது இருக்க வேண்டும்.

அவர் பிரித்தானியக் குடியுரிமை உள்ளவரானால் இன்னொன்றும் செய்யலாம். வெளிநாட்டில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்பவருக்கு வாக்குரிமை இல்லை என்றிருந்த விதி 2024 ஜனவரியில் நீக்கப்பட்டுவிட்டது. கடைசியாக வசித்த தொகுதியில் வெளிநாட்டு வாக்காளராகப் பதிவு செய்துகொண்டு, அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு இதைப் பற்றி அவர் எழுதலாம்.