காடி அண்ணன் பதில்கள்: அலுமினிய இன்ஜினுக்குப் போரிங் செய்யலாமா?

கேள்வி: என் காடி ஆறு சிலிண்டர், 2.5 லிட்டர், ஜெர்மன் தயாரிப்பு, அலுமினிய பிளாக். தினமும் பாலம் கடந்து பாயான் லெப்பாசுக்கு வேலைக்குப் போகிறேன். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எண்ணெய் குடிக்கிறது. ஹெட்டைக் கழற்றிய ஃபோர்மேன், "சுவரில் எண்ணெய் தங்கும் குறுக்குக் கோடே இல்லை, வழவழவென்று தேய்ந்துவிட்டது, மூன்றாவதில் கீறல் வேறு, போரிங் போட்டு, அதாவது துளையைக் கடைந்து பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டலாம்" என்கிறார். இன்னொருவர் ஹாஃப் கட் இன்ஜின் (இறக்குமதியான பழைய காடியை வெட்டி எடுத்தது) வாங்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது, அண்ணே?
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: இருவர் பேச்சையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள், தம்பி. முதலில் ஒரு காந்தத்தை எடுத்துச் சிலிண்டர் சுவரில் வையுங்கள். பச்சென்று ஒட்டினால் உள்ளே இரும்பு லைனர், அதாவது துளைக்குள் பொருத்திய இரும்புக் குழாய். அப்படியென்றால் ஃபோர்மேன் சொல்வது சரி: லைனர் தடிமன் இடம் கொடுத்து, 0.25 அல்லது 0.5 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டனும் கிடைத்தால் போரிங் போடலாம்.

ஒட்டாவிட்டால் கதை வேறு. அலுசில் வகை என்றால் பிளாக்கே சுமார் 17 சதவீதம் சிலிக்கன் கலந்த அலுமினியம். ஆலையில் கடைசி வேலையாக மேலே இருக்கும் அலுமினியத்தை மட்டும் துளியளவு அரித்தோ தேய்த்தோ எடுத்து, சிலிக்கன் மணிகளைத் தலைகாட்ட வைப்பார்கள். ரிங் ஓடுவது அந்த மணிகள் மேல், எண்ணெய் தங்குவது இடையிலுள்ள பள்ளத்தில். அதனால் குறுக்குக் கோடு தெரியாதது அங்கே இயல்பு; தேய்மானத்துக்கு அது சாட்சி ஆகாது. இது தெரியாமல் இளம் வயதில் நானே ஒரு பிளாக்கில் சுவரைத் தேய்த்துச் சீராக்கும் சாதாரண ஹோனிங் கல்லை ஓட்டிவிட்டேன். கண்ணுக்குப் பளபளவென்றுதான் இருந்தது, ஆனால் அலுமினியம் இழுபட்டுச் சிலிக்கன் மேல் பூசிக்கொண்டது. மாட்டிக் கொடுத்த மறு வாரமே காடி கொசுமருந்து வண்டி மாதிரி புகைந்துகொண்டு திரும்பி வந்தது.

நிக்கசில் பூச்சு என்று இன்னொன்று உண்டு. அது சிலிக்கன் கார்பைடு கலந்த நிக்கல், மிக மெல்லிய படலம். போரிங் போட்டால் பூச்சே போய்விடும். 1990களில் பிஎம்டபிள்யூ, ஜாகுவார் வி8 இன்ஜின்களில் கந்தகம் மிகுந்த பெட்ரோல் இந்தப் பூச்சைத் தின்றது. பிறகு பிஎம்டபிள்யூ அலுசிலுக்கும் ஜாகுவார் இரும்பு லைனருக்கும் மாறின. பூச்சை உரித்து மறுபடி பூசி, பழைய அளவுக்கே கொண்டுவரலாம். செய்கிற இடம் குறைவு, காத்திருக்கவும் வேண்டும்.

உங்கள் காடிக்கு வருவோம். மூன்றாவது சிலிண்டர் கீறலில் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். மாட்டவில்லை, துளையின் விட்டம் அளக்கும் போர் கேஜில் மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும், இரண்டு திசையிலும் அளந்தாலும் கையேட்டு எல்லைக்குள் இருக்கிறது என்றால் சுவரைத் தொடவே வேண்டாம். அதற்கேற்ற புது ரிங், வால்வு சீல், இன்ஜின் மூச்சுவிடும் வால்வு, இவற்றோடு முடித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் குடிக்கிற பல காடிகளில் குற்றவாளி இந்த சீலும் வால்வும்தான்.

நகம் மாட்டினால் ஸ்லீவ், அதாவது துளைக்குள் புதிதாக இறக்கும் இரும்புக் குழாய். பிளாக்கைச் சூடாக்கி, ஸ்லீவைக் குளிரவைத்து விட்டால் 'டக்'கென்று போய் உட்காரும், பாதியில் நின்றால் அன்றைய பொழுது வீண். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 82 மி.மீ. துளை 80 டிகிரி சூடேறினால் வித்தியாசம் கிட்டத்தட்ட 0.08 மி.மீ. வரும், ஆகவே இறுக்கம் போதாத ஸ்லீவ் சூட்டில் தளர்ந்து கீழே இறங்கும். மேல் விளிம்பில் படி வைத்த ஸ்லீவாகக் கேளுங்கள். ஹோனிங் செய்யும்போது ஹெட்டுக்குப் பதிலாகத் தடித்த இரும்புத் தட்டை முறுக்கி வைப்பீர்களா என்றும் கேளுங்கள், "அது எதுக்கு?" என்று பட்டறைத் தௌக்கே திருப்பிக் கேட்டால் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அலுசில் பிஸ்டனுக்குப் பக்கவாட்டில் இரும்புப் பூச்சு இருக்கும், அது இரும்பு ஸ்லீவுக்கு ஆகாது, பிஸ்டனையும் மாற்ற வேண்டும். ஐந்து பிஸ்டன் ஒரு வகை, ஒன்று மட்டும் வேறு வகை என்பதில் எனக்கு மனமில்லை. போட்டால் ஆறுக்கும் போடுங்கள். செலவு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் நகம் மாட்டினால் நான் ஹாஃப் கட் பக்கம்தான். ஆனால் அதுவும் உங்கள் இன்ஜின் வயதுக்காரர். கம்ப்ரஷன் அளந்து, ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கேமராவை விட்டு ஆறு சுவரையும் பார்த்த பிறகே காசை எடுங்கள். இன்ஜின் எண் மாறுவதால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவும் மாற்ற வேண்டும், கடையில் ரசீது வாங்க மறக்காதீர்கள்.

கேள்வி: யமஹா எல்சி 135 மோட்டார்சைக்கிள் பிளாக்கைப் போரிங் போடலாமா?
(வாசகர், செந்தூல்)

பதில்: அதுவும் இதே குடும்பம்தான் தம்பி, டயாசில் என்று பெயர், சுமார் 20 சதவீதம் சிலிக்கன். சும்மா போரிங் போட்டால் கெட்டுவிடும். இரும்பு ஸ்லீவ் போட்ட பிளாக்கை வாங்கி மாட்டுங்கள், பழையதைத் துடைத்து எண்ணெய் தடவி வீட்டில் வையுங்கள்.