திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?

கேள்வி: திருச்சி – யாழ்ப்பாணம் விமானத்தில் எத்தனை கிலோமீட்டர்? பக்கத்தில்தானே இருக்கிறது, டிக்கெட்டில் ஏன் ஒரு மணி நேரம் போட்டிருக்கிறார்கள்?
– வாசகர் ஒருவர், லால்குடி

பதில்: வரைபடத்தில் நேர்கோடு போட்டால் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் சுமார் 185 கிலோமீட்டர். அதிராம்பட்டினம் பக்கம் கரையைத் தாண்டுகிறது கோடு. ஏறக்குறையப் பாதி நம் மண், மீதி பாக் நீரிணை.

இந்தத் தடத்தில் 2025 மார்ச் முதல் ஓடுவது ஏடிஆர் 72. ரெக்கையில் காற்றாடி சுற்றும் சின்ன விமானம், உச்ச வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில். அந்தக் கணக்குப்படி 25 நிமிடம்கூட ஆகாது. ஆனால் அட்டவணை நேரம் என்பது நிறுத்துமிடத்தில் விமானம் அசைவதிலிருந்து அங்கே போய் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்வது, ஏறுவது, இறங்க வரிசையில் திரும்புவது எல்லாம் அதில் அடக்கம். குறைந்த தூரத்தில் இவைதான் நேரத்தைத் தின்னும்.

ஜன்னல் சீட் கேளுங்கள். இதில் ரெக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே நன்றாகத் தெரியும். கடிகாரத்தை மாற்ற வேண்டாம், இரண்டு ஊருக்கும் ஒரே நேரம். அப்புறம், தூரம் குறைவு என்று கடைசி நிமிடத்தில் போய் நிற்காதீர்கள். பாஸ்போர்ட், குடிவரவு, சுங்கம் எல்லாம் சிங்கப்பூர் போகிறவருக்கு உள்ளதுதான்.