அலமாரியில் ஏழு கோடை

வணக்கம் சார்,

பழைய பீர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் மச்சான் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறார். 2018 டிசம்பரில் வந்தபோது மூன்று பாட்டில் பெல்ஜியம் பீர் கொடுத்தார். 2017 என்று லேபிளில் போட்ட ஷிமே நீலம் பெரிய பாட்டில் ஒன்று, கான்டியோன் கூஸ் பெரிய பாட்டில் ஒன்று, மஞ்சள் மூடி போட்ட வெஸ்ட்விளேட்டரன் 12 சின்ன பாட்டில் ஒன்று. "வெச்சிரு மாப்ள, வருஷம் ஆக ஆக நல்லாருக்கும்" என்றார், வைத்துவிட்டேன். இப்போது பெங்களூரு நண்பர் ஒருவர் மூன்றுக்கும் பதிலாக அமெரிக்க ஐபிஏ பீர் கேன் பன்னிரண்டு தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா, இல்லை குடித்துவிடலாமா? பாட்டில்கள் படுக்கையறை அலமாரியில்தான் இருக்கின்றன.

கே., லாஸ்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள கே.,

போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. உங்கள் மச்சான் சொன்னது பொய் இல்லை, ஆனால் அது பிரஸ்ஸல்ஸுக்கான உண்மை. வருஷம் முழுக்க 10 முதல் 13 டிகிரியில், இருட்டாக இருக்கும் நிலவறையில் வைத்தால்தான் அந்தப் பேச்சு செல்லும். நம் ஊரில் மே மாதம் பகலில் 37, 38 போகும், ராத்திரியிலும் சுவர் சுடும். பழைய அரிசிதான் சோற்றுக்கு நல்லது என்று நாமும் சொல்கிறோம், அதற்காக ஈரத்தில் கிடந்த மூட்டையை யாராவது பழைய அரிசி என்பார்களா? புழுத்த அரிசி என்போம்.

வேதியியலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு, வெப்பம் 10 டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 12 டிகிரி நிலவறையை 30 டிகிரி லாஸ்பேட்டை அலமாரியோடு வைத்துப் பாருங்கள், மூன்றரை மடங்கு வருகிறது. உங்கள் ஏழு வருஷம் அங்கே இருபது வருஷத்துக்கு மேல்.

நானும் பட்டவன்தான். கடலூரில் கட்டிலுக்கு அடியில், டிரங்குப் பெட்டிக்குள் பழைய வேட்டி சுற்றி இம்பீரியல் ஸ்டவுட் என்ற கனமான கறுப்பு பீர் ஒன்றை ஐந்து வருஷம் வைத்திருந்தேன். ஆல்கஹால் 11 சதவீதம், எதையும் தாங்கும் என்று நினைப்பு. திறந்தபோது 'உஸ்' என்ற சத்தமே வரவில்லை. ஊற்றினால் நுரையும் எழவில்லை, முகர்ந்தால் சோயா சாஸ், வாயில் வைத்தால் நனைந்த அட்டைப்பெட்டி. அதை நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து "பரவாயில்லையே" என்று சொல்லிக்கொண்டே குடித்தோம்.

சரி, உங்கள் பாட்டில்களுக்கு வருவோம். ஷிமே 9 சதவீதம், வெஸ்ட்விளேட்டரன் 10.2. இந்தக் கனமான கரும்பழுப்பு பீர்கள் பழசாகும்போது சாராயக் காரம் அடங்கி, உலர்திராட்சை, பேரீச்சம்பழ வாசனை மேலே வரும், கொஞ்சம் ஷெர்ரி ஒயின் மாதிரி. அந்தக் கட்டத்தை உங்களுடையவை எப்போதோ தாண்டியிருக்கலாம், இனிமேல் வைத்தால் இறக்கம்தான். இந்த வாரமே திறங்கள். நான்கு நாள் ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள், அடியில் ஈஸ்ட் படியட்டும், அப்புறம் வெளியே எடுத்து அரைமணி நேரம் கழித்து ஊற்றுங்கள். ஐஸ் போல இருந்தால் வாசனையே தெரியாது.

கான்டியோன் கதை வேறு. கூஸ் என்பது காற்றில் இருக்கும் காட்டு ஈஸ்ட்டால் தானாக நொதிக்கும் லாம்பிக் என்ற புளிப்பு பீரை, ஒன்று, இரண்டு, மூன்று வருஷம் ஆனதாகக் கலந்து பாட்டிலில் மறுபடி நொதிக்க விடுவது. அந்தக் காட்டு ஈஸ்ட் உள்ளே உயிரோடு இருந்து, நுழைந்த ஆக்சிஜனையும் கொஞ்சம் தின்றுவிடும், அதனால் மூன்றில் தப்பிப் பிழைத்திருக்க வாய்ப்பு இதற்குத்தான் அதிகம். வேடிக்கை என்னவென்றால், கான்டியோனில் குளிர்மாதங்களில் மட்டும்தான் காய்ச்சுவார்கள், காய்ச்சியதைத் திறந்த தொட்டியில் ராத்திரிக் காற்றில் ஆறவிட வேண்டுமே, வெயில் காலத்தில் வேண்டாத கிருமி சேர்ந்துவிடும். வெயிலுக்குப் பயந்து பிறந்த பீரை நீங்கள் ஏழு அக்கினி நட்சத்திரம் பார்க்க வைத்திருக்கிறீர்கள்! தக்கையை ஒரு துணி போர்த்தி மெதுவாக எடுங்கள், அழுத்தம் இருக்கும்.

மாற்றிக்கொள்வது பற்றி. பெங்களூரு நண்பர் '2017 ஷிமே' என்ற பெயருக்குத்தான் பன்னிரண்டு கேன் தருகிறார், அலமாரி விஷயம் தெரியுமா அவருக்கு? சொல்லிவிட்டு அப்புறமும் கேட்டால் அது அவர் பாடு. சொல்லாமல் கொடுப்பது, எனக்குச் சரியாகப் படவில்லை. உங்களுக்கும் அதில் லாபம் கிடையாது. ஐபிஏவின் உயிரே ஹாப்ஸ் என்ற பூவின் வாசனை, இரண்டு மூன்று மாதத்தில் மங்கிவிடும், அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த கேனுக்கு அதில் எவ்வளவு மிச்சம்? கேனின் அடியில் தேதி இருக்கும், அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பேச்சு அத்தோடு நின்றுவிடும் என்று நினைக்கிறேன். காசுக்கு விற்கிற யோசனை இருந்தால் அதுவும் வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் மது விற்றால் கேஸ். போதாததற்கு வெஸ்ட்விளேட்டரனைக் காய்ச்சும் மடத்துத் துறவிகளே, வாங்கியதை மறுபடி விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் விற்கிறார்கள்.

உங்கள் மச்சானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 750, 750, 330. மொத்தம் 1,830 மில்லி. சுங்கவரி இல்லாமல் கொண்டுவரக்கூடிய 2 லிட்டருக்குள் கச்சிதமாகக் கட்டியிருக்கிறார் மனிதர். திறக்கும்போது அவரை வீடியோ காலிலாவது கூப்பிடுங்கள்.

கூஸ் திறக்கிற நாளை எனக்கும் சொல்லுங்கள். பாட்டிலை ஆல்பேட்டை செக்போஸ்ட் தாண்டி கடலூர்ப் பக்கம் கொண்டுவந்து வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம், நான் அங்கே வருகிறேன். பஸ்ஸில்தான்.